முப்பத்து மூன்று கிராம் மூச்சு

செல்போன் அலறியது.

பாய்மரப் படகின் மேல்தட்டில் நின்று கயிறுகளை இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்த குற்றாலீஸ்வரன் போனைக் காதுக்குக் கொடுத்தார். புது நம்பர்.

"யாரு?"

"இன்னைக்கு சாயங்காலத்துக்குள்ள நீ தண்ணியில முங்கிச் சாவே!"

தொண்டையை அமுக்கிப் பேசிய குரல். ஆணா... பெண்ணா? சொல்ல முடியவில்லை.

குற்றாலீஸ்வரனுக்குச் சிரிப்பு வந்தது. வராதா பின்னே? அவர் நின்ற இடம் மேலகரத்தில் அவருடைய மரக்கடைக்குப் பின்னால் இருந்த தகர ஷெட்!

"ஏலே கூறுகெட்டவனே! மேலகரத்துல கடல் எங்கன இருக்கு? முங்குததுக்கே நூறு கிலோமீட்டர் போவணும்லே!"

"கிங்ஸ்லிகிட்ட கேளு. வழி சொல்லுவான்."

டொக்!

சிரிப்பு பாதியில் நின்றது.

கிங்ஸ்லி செத்து இரண்டு வருஷம் ஆகிறது.

தேக்கு விற்றுப் பெரிய ஆளான குற்றாலீஸ்வரனுக்குத் திடீரென்று கடல் பைத்தியம் பிடித்தது. கொச்சியில் ஒரு பழைய படகை வாங்கி, லாரியில் ஏற்றி ஊருக்குக் கொண்டுவந்து, தன் ஆசாரிகளை வைத்தே புதுசாக்கினார். முப்பத்தெட்டு அடி நீளம். பெயர் 'தேனருவி'. வருஷா வருஷம் கொச்சியிலிருந்து மொரிஷியஸ் வரை போகும் பாய்மரப் படகுப் பேரணியில் அதை ஓட்டிக் கோப்பை வாங்க வேண்டும். அதுதான் மனிதரின் வெறி.

முதல் பேரணிக்கு நேவியிலிருந்து ஓய்வுபெற்ற தூத்துக்குடிக்காரன் கிங்ஸ்லியைத் துணைக்குச் சேர்த்தார். புறப்பட்ட மூன்றாம் நாள் மத்தியானம் காற்று சீறியது. கிங்ஸ்லி தவறிக் கடலில் விழுந்தான். லைஃப் ஜாக்கெட் போட்டிருந்தும் கிடைக்கவில்லை. உடம்புகூடக் கிடைக்கவில்லை!

மேல்தட்டில் அப்போது உடனிருந்தவர் குற்றாலீஸ்வரன் மட்டும்தான். போலீஸிடம் இரண்டே வரி சொன்னார்.

"நல்லா குடிச்சிருந்தான் சார். ஜாக்கெட் சமாச்சாரம் பூராவும் அவன் பொறுப்பு, எனக்கு அதைப் பத்தி ஒரு எழவும் தெரியாது."

கேஸ் முடிந்தது. இதோ, இந்த வருஷம் மறுபடியும் பேரணி. நாளை மறுநாள் 'தேனருவி' ட்ரெய்லர் ஏறி ஆரியங்காவு வழியாகக் கொச்சிக்குப் போகிறது.

"அண்ணாச்சி! கீழ வாங்க. ஜாக்கெட் பாக்கணும்."

கூப்பிட்டவள் சுஜிதா. முப்பது வயது. கோவாவில் படகுப் பயிற்சி கொடுத்தவள். கடலில் ஆபத்து வந்தால் என்ன செய்வது என்று சொல்லித்தரச் சம்பளத்துக்கு வந்து பத்து நாள் ஆகிறது.

மேஜையில் நான்கு லைஃப் ஜாக்கெட். பக்கத்தில் தங்கம் நிறுக்கிற மாதிரி ஒரு சின்னத் தராசு. எதிரில் ஆசாரி வல்லிநாயகமும், படகில் சமையலையும் ரேடியோவையும் பார்க்கிற ரஹ்மத்தும். பேரணிக்குப் போகப்போவது இந்த நான்கு பேர்தான்.

"இதுக்குள்ள சின்னதா ஒரு உப்பு மாத்திரை இருக்கு," என்றாள் சுஜிதா. "தண்ணி பட்டா அது கரையும். கரைஞ்சா ஊசி போய் இந்த சிலிண்டரைக் குத்தும். முப்பத்து மூணு கிராம் காத்து 'டப்'னு ஜாக்கெட்டை ஊதிரும். அவ்வளவுதான், ஆள் மிதப்பான்."

"தண்ணின்னா... குற்றாலத்துச் சாரலும் தண்ணிதானே?" ரஹ்மத் கேட்டான்.

"அதான் வினை! போன வாரம் சாரல் ஈரத்துல மூணு ஜாக்கெட் ஷெட்டுக்குள்ளயே டப்பு டப்புன்னு வெடிச்சிருச்சுல்ல? வேற எந்த ஊருலயும் இந்தக் கூத்து நடக்காது."

வெடித்த மூன்று காலி சிலிண்டர்களும் மூலையில் ஒரு சிவப்பு வாளிக்குள் கிடந்தன.

"காலியும் ரொம்பினதும் பாக்க ஒரே மாதிரிதான் இருக்கும். கழத்திப் பாத்தா கழுத்துல ஊசி ஓட்டை தெரியும். இல்லன்னா நிறுத்துப் பாக்கணும், முப்பத்து மூணு கிராம் கொறையும். புரியுதா அண்ணாச்சி?"

"எனக்கு இந்த எழவெல்லாம் எங்கம்மா புரியப்போவுது? நீ பாத்துக்கோ."

நான்கு சிலிண்டரையும் நிறுத்தாள். நான்கும் சரி. ஜாக்கெட் ஒவ்வொன்றிலும் பெயர் எழுதி மாட்டிவிட்டுச் சொன்னாள்.

"நாலு மணிக்குக் குற்றாலத்துல ரிசார்ட் நீச்சல் குளம் புக் பண்ணியிருக்கேன். ஆளு தண்ணியில விழுந்தா என்ன செய்யணும்னு ட்ரில். முதல்ல நான் குதிக்கேன். அப்புறம் நீங்க."

நீச்சல் குளம்...

'சாயங்காலத்துக்குள்ள முங்கிச் சாவே.'

குற்றாலீஸ்வரன் தன் பெயர் எழுதிய ஜாக்கெட்டை இழுத்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டார். ஊருக்கே தெரியாத சங்கதி ஒன்று சொல்லவா? பிறந்ததிலிருந்து அருவியில் குளித்து வளர்ந்த அந்த மனிதருக்கு நீச்சல் தெரியாது. அருவிக்கு அடியில் நிற்கத்தானே வேண்டும், நீந்தவா வேண்டும்?

மற்றவர்கள் சாப்பிடப் போனதும் வல்லிநாயகம் மெல்ல அவர் பக்கத்தில் வந்தான்.

"அண்ணாச்சி... ஒரு விஷயம். சத்தம் போடாதீரும்."

"என்னலே?"

"அந்தப் பிள்ள பையில கிங்ஸ்லி போட்டோ இருக்கு. அவன் கூடப்பொறந்த தங்கச்சியாம்."

"என்னது!"

"காலையில போன்ல மெரட்டுனதும் அவதான். கப்பல் அடியில ஒளிஞ்சி நின்னு பேசுனதைக் கண்ணால பாத்தேன். எங்கண்ணன் எப்படிச் செத்தான்னு தோண்டி எடுக்காம இந்தக் கப்பலைக் கொச்சிக்கு விட மாட்டேங்கா."

குற்றாலீஸ்வரன் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். கோப்பை, பேரணி, பத்திரிகையில் போட்டோ... எல்லாம் ஒரு பெண்பிள்ளையால் போவதா? அதற்கும் மேலே ஜெயில்!

"நீ போய் சாப்பிடு. யார்ட்டயும் மூச்சு விடாத."

வல்லிநாயகம் போனான்.

ஷெட்டில் இப்போது அவர் மட்டும்.

'ஒரு எழவும் தெரியாத' அந்த மனிதர் நேரே சிவப்பு வாளிக்குப் போனார். ஒரு காலி சிலிண்டரை எடுத்தார். கழுத்தைத் திருப்பி ஊசி ஓட்டையைப் பார்த்தார். சுஜிதா என்று எழுதியிருந்த ஜாக்கெட்டின் மடிப்பைப் பிரித்து, நல்ல சிலிண்டரைக் கழற்றி, காலியை முறுக்கி மாட்டி, மடிப்பை முன்போலவே மூடினார்.

ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. கை அவ்வளவு பழகியிருந்தது!

நாலு மணி. குற்றாலம்.

சீசன் கூட்டம் ரிசார்ட் வரைக்கும் வழிந்தது. தலையில் எண்ணெய் சொட்டச் சொட்டத் துண்டும் கையுமாக ஜனங்கள் நடமாடினார்கள். குளத்தங்கரை நாற்காலியில்கூட நைட்டி போட்ட ஓர் அம்மாள் தலை நிறைய எண்ணெய் தேய்த்துக்கொண்டு அருவிக்குப் போக ஆள் வருவதற்காகக் காத்திருந்தாள்.

கனத்த மழைக்கோட்டு, முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ், மேலே லைஃப் ஜாக்கெட். நான்கு பேரும் நின்றார்கள்.

"கடல்ல விழும்போது இந்த உடுப்போடதான் விழுவோம். அதனால இதோடயே குதிக்கணும்," என்றாள் சுஜிதா. "ஜாக்கெட் அஞ்சு செகண்டுல ஊதும். ஊதலன்னா..."

"ஊதலன்னா?" ரஹ்மத் கேட்டான்.

"எங்கண்ணன் போன இடத்துக்குப் போவேன்."

குற்றாலீஸ்வரன் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

தொபீர்!

குதித்துவிட்டாள்.

ஐந்து செகண்ட்... பத்து செகண்ட்...

'டப்' என்ற சத்தம் வரவில்லை!

மழைக்கோட்டுக்குள் தண்ணீர் புகுந்து அவளைக் கீழே கொண்டுபோனது. நான்கைந்து குமிழிகள் வந்தன. பிறகு அதுவும் இல்லை.

இருபது... முப்பது...

"அண்ணாச்சி! ஜாக்கெட் ஊதல!" ரஹ்மத் அலறிக்கொண்டு குதிக்கப் போனான். குற்றாலீஸ்வரன் அவன் மழைக்கோட்டைக் கொத்தாகப் பிடித்தார்.

"நில்லுலே! ட்ரில்லுன்னா அப்படித்தான் இருக்கும்."

"ஒரு நிமிஷம் ஆவப்போவுது அண்ணாச்சி! செத்துருவா!"

"அவ மேல வாடை அடிச்சிச்சுலே. மத்தியானமே ஊத்திக்கிட்டு வந்திருக்கா. போலீஸ் கேட்டா எல்லாரும் அதையே சொல்லுங்க. நல்லா குடிச்சிருந்தா..."

"யாரு? நானா?"

குரல் தண்ணீர்ப் பக்கமிருந்து வந்தது!

குளத்தின் மறுகோடி ஏணியில், தலையிலிருந்து தண்ணீர் வழிய, சுஜிதா ஏறி வந்துகொண்டிருந்தாள்.

"ஒன்றரை நிமிஷம் மூச்சடக்குவேன் அண்ணாச்சி. முத்துக் குளிச்ச குடும்பம் எங்க குடும்பம்!"

"ஏட்டி... நீ..."

"குடிச்சிருந்தா, குடிச்சிருந்தான்! ரெண்டு வருஷமா வேற பொய்யே கிடைக்கலியா உங்களுக்கு? எங்கண்ணன் பெந்தெகோஸ்து சபையில பாட்டுப் படிச்சவன். மோர் புளிச்சாக்கூட கீழ ஊத்திருவான்! அந்த ஒரு வார்த்தையால எங்கம்மா சபைக்குப் போறதையே நிறுத்திட்டா, தெரியுமா?"

குற்றாலீஸ்வரன் வல்லிநாயகத்தைப் பார்த்தார். அவனோ தன் செல்போனைத் தூக்கிக் காட்டினான்.

"வார்னிஷ் டப்பாவுக்கு நடுவுல வச்சிருந்தேன் அண்ணாச்சி. நீரு காலி சிலிண்டரை மாட்டுனது அம்புட்டும் இதுல இருக்கு."

"ஏலே! என் சோத்தைத் தின்னுட்டு..."

"அந்தச் சோறுதான் ரெண்டு வருஷமா இறங்கல! அந்த வருஷம் கொச்சிக்குப் போறதுக்கு முந்தின நாளு நீரு ஒரு ஜாக்கெட்டுல எதையோ முறுக்கினதைப் பாத்தேன். என்னன்னு அப்ப விளங்கல. போன வாரம் ஜாக்கெட் வெடிச்சப்போ இந்தப் பிள்ள தராசு வச்சி எனக்குச் சொல்லிக்குடுத்த அன்னைக்குத்தான் விளங்கிச்சு. அப்பவே அவகிட்ட அம்புட்டையும் சொல்லிட்டேன். இன்னைக்கு உம்மகிட்ட சொன்னது அவ சொல்லச் சொன்னது!"

நாற்காலியில் இருந்த எண்ணெய்த் தலை அம்மாள் எழுந்து வந்தாள். நைட்டிப் பையிலிருந்து ஓர் அடையாள அட்டையை எடுத்து நீட்டினாள்.

"சப்-இன்ஸ்பெக்டர் சங்கரேஸ்வரி. சிலிண்டரைப் பத்தி ஒரு எழவும் தெரியாதுன்னு எழுதிக் குடுத்தவரு ஒரு நிமிஷத்துல மாட்டுதீரே! இந்தப் பிள்ள குதிக்கேன்னு நின்னப்போ நான் ஒத்துக்கிடவே இல்ல. கேட்டாத்தானே? இன்னைக்கு நடந்தது கொலை முயற்சி. வாரும் ஸ்டேஷனுக்கு. கிங்ஸ்லி கேஸையும் தூசி தட்டுவோம்."

"அது வேற கேஸ்! அதுக்கு உங்கிட்ட என்ன சாட்சி இருக்கு?" குளத்தோரமாகவே பின்வாங்கிக்கொண்டு கத்தினார் குற்றாலீஸ்வரன். பத்து எட்டு... பதினைந்து எட்டு... சீசன் ஜனங்கள் சொட்டிவிட்டுப் போன எண்ணெய் தரையில் பளபளத்தது.

சர்ர்ர்... தொபீர்!

"ஐயோ! நீச்சல் தெரியாது! காப்பாத்துங்க!"

மூன்றே செகண்ட்.

டப்!

அவர் ஜாக்கெட் மஞ்சளாக ஊதிப் பெருத்து, மோவாயைத் தூக்கி, ஆளை மல்லாக்கப் போட்டது. பயத்தில் அவருக்கு அது உறைக்கவில்லை. கையையும் காலையும் உதறிக் குடம் குடமாகத் தண்ணீர் குடித்தார்.

சுஜிதாவின் கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டியது.

"இவ்வளவுதான்... இந்த ஒரு டப்புதான். எங்கண்ணனுக்கு இது மட்டும் கிடைச்சிருந்தா வீட்டுக்கு வந்திருப்பான்!"

சுவரில் சாய்த்திருந்த நீளக் கம்பை எடுத்தாள். அவர் கைக்கு ஒரு சாண் தள்ளி நீட்டினாள்.

"புடிச்சி இழும்மா! தாயே!"

"இழுக்கேன். கிங்ஸ்லி ஜாக்கெட்டுல என்ன செஞ்சீங்க? சொல்லுங்க."

"மேடம்! போலீஸ் மேடம்! இவ என்னையக் கொல்லுதா!"

சங்கரேஸ்வரி செல்போனைக் காதில் வைத்துக்கொண்டு நாற்பதடி தள்ளி நடந்து போனாள். போலீஸிடம் சொல்கிற வாக்குமூலம் கோர்ட்டில் செல்லாது, மற்றவர்களிடம் சொன்னால் செல்லும் என்பது அவளுக்குத் தெரியும்.

கம்பு இன்னும் ஒரு சாண் பின்னால் போனது.

"சொல்லுதேன்! சொல்லுதேன்! அந்த வருஷமும் சாரல்ல வெடிச்சிப் போச்சு. புது சிலிண்டர் வந்து சேரல. மறுநா கொச்சியில செக்கிங். நாலு ஜாக்கெட் இல்லன்னா பேரணியில சேக்க மாட்டான். அதான் ஒண்ணுல காலியை மாட்டினேன்!"

"அதை ஏன் எங்கண்ணனுக்குக் குடுத்தீங்க?"

"அவனுக்குத்தான் நீச்சல் தெரியுமே... நீச்சல் தெரிஞ்சவனுக்குக் குடுத்தா ஒண்ணும் ஆவாதுன்னு நெனச்சேன்!"

"விழுந்தப்புறம் கப்பலைத் திருப்பினீங்களா?"

அவர் கம்புக்குத் தாவினார். கம்பு நகர்ந்தது.

"திருப்பல! முன்னால ரெண்டே படகுதான் இருந்திச்சு... கோப்பை போயிருமேன்னு... திருப்பல தாயே! அவன் குடிக்கவும் இல்ல! போதுமா?"

வல்லிநாயகம் முகத்தைப் பொத்திக்கொண்டான். ரஹ்மத் காறித் துப்பினான்.

கம்பின் முனையை அவர் நெஞ்சில் வைத்து ஒரே அழுத்தாக அழுத்தலாம் போல சுஜிதாவுக்கு ஆத்திரம் வந்தது. பிறகு கம்பைத் தரையில் போட்டாள்.

"எங்கம்மாவுக்கு இது போதும்."

"இழுக்காமப் போறியே! ஐயோ, சாவுதேனே!"

சங்கரேஸ்வரி திரும்பி வந்தாள். ரஹ்மத்தையும் வல்லிநாயகத்தையும் விரலால் எண்ணினாள். இரண்டு சாட்சி. திருப்தியாகக் குனிந்து தண்ணீரைப் பார்த்துவிட்டுச் சொன்னாள்.

"அண்ணாச்சி, உண்மையெல்லாம் சொல்லிட்டேருல்ல? இனி காலைக் கீழ ஊனி எந்திச்சு நில்லும். நீரு விழுந்தது சின்னப் பிள்ளைய விளையாடுத பக்கம்... மூணரை அடிதான்!"