பொட்டு வைத்த மானிட்டர்

2007 அக்டோபர். திங்கட்கிழமை, காலை ஒன்பதரை.

வினாத்தாள் திருடு போயிருந்தது. தாள் எங்கும் போகவில்லை. சீல் வைத்த உறை கல்லூரி பீரோவில் பத்திரமாகத்தான் இருந்தது. ஆனால் உறைக்குள் இருந்த கேள்விகள் அத்தனையும் மாணவிகளின் கைப்பேசிகளில் படமாக உலவிக்கொண்டிருந்தன. தேர்வறை வாசலில் கைப்பேசியைப் பார்த்து மனப்பாடம் செய்துகொண்டிருந்த ஒரு பெண் பிடிபட்டாள். பஸ்ஸில் யாரோ புளூடூத்தில் அனுப்பினார்களாம். யார் என்று தெரியாதாம். தெரிந்தாலும் சொல்லிவிடுவாளா என்ன?

நர்சிங் கல்லூரி நிர்வாகம் தேர்வை நிறுத்திவிட்டுப் போலீசுக்குப் போனது.

வினாத்தாளை டைப் அடித்த இடம், காந்தி வீதியை ஒட்டிய சந்தில் இருந்த ராஜாங்கத்தின் ஜாப் டைப்பிங் சென்டர். மூன்று கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர், சுவரில் சரஸ்வதி படம். சப்-இன்ஸ்பெக்டர் கமலவேணி உள்ளே நுழைந்தபோது படத்தில் போட்டிருந்த சாமந்தி மாலை முழுதாக வாடியிருக்கவில்லை. சனிக்கிழமைதான் ஆயுத பூஜை முடிந்திருந்தது.

கைப்பேசிப் படத்தைப் பெரிதாக்கிக் கலரில் பிரிண்ட் எடுத்து வந்திருந்தார் கமலவேணி. அதை மேசைமேல் விரித்தார். கம்ப்யூட்டர் திரையை நேராகப் படம் பிடித்திருந்தார்கள். திரையில் வினாத்தாள். மானிட்டரின் மேல் விளிம்பில் சந்தனமும் குங்குமமும். கீழ் மூலையில் காது கிழிந்த ஒரு பிள்ளையார் ஸ்டிக்கர்.

"இது பூவிழி மானிட்டரு மேடம்," என்றார் ராஜாங்கம், விரலை ஸ்டிக்கர்மேல் வைத்து. "அவதான் ஒட்டுனா. தாளும் அவ அடிச்சதுதான். பாருங்க, அடிச்ச லட்சணத்த. வரிக்கு வரி செவப்புக் கோடு. அத்தினியும் தப்பு!"

"சாவி யார்கிட்ட இருக்கும்?"

"என்கிட்ட மட்டுந்தான். வேற யாரையும் நம்பிக் குடுக்கறதில்ல. ஆறு வருஷம் சோறு போட்டேன் மேடம் இவளுக்கு. என் அக்கா பொண்ணு துர்காவும் அதே காலேஜ்லதான் படிக்குது. அந்தப் புள்ளைக்கும் பரீட்ச போச்சு. கேஸ் போட்டுடுங்க."

பூவிழி சுவரோரம் நின்றிருந்தாள். சாரம் பகுதியிலிருந்து வரும் பெண். மில் மூடியபிறகு அப்பாவுக்கு நிரந்தர வேலை இல்லை. இந்தப் புதுச்சேரியில் படித்த எல்லோரும் எழுதும் எல்.டி.சி. என்ற அரசு எழுத்தர் தேர்வை எழுதித் தேறியிருந்தாள். போலீஸ் விசாரணைச் சான்று போனால் ஆர்டர் வந்துவிடும். அந்தச் சான்றைத் தரவேண்டியதும் கமலவேணியின் ஸ்டேஷன்தான். வழக்கில் பெயர் ஏறினால் கதை முடிந்தது.

"நீ எடுத்தியா?"

"சத்தியமா இல்ல மேடம்."

"ஸ்டிக்கர் உன்னுதா?"

"என்னுதுதான்."

"அப்புறம்?"

பதில் சொல்ல வாய் திறந்தவள், சம்பந்தமே இல்லாத ஒன்றைச் சொன்னாள். "ஆனா நான் தப்பா அடிக்கல மேடம். என் மெஷின்ல நர்சிங் வார்த்த ஒன்னுத்துக்கும் செவப்புக் கோடு வராது. பக்கத்து மெஷின்ல தொறந்தா மட்டும் அம்ம போட்டாப்ல ஆயிடும். எத்தினி தடவ சொல்லிகினு கெடக்கறேன், யாரும் கேக்கறதில்ல."

ராஜாங்கம் கையை உதறினார். "பாருங்க, இப்ப இதுவா பேச்சு?"

கமலவேணி சிரிக்கவில்லை. அந்த வயிற்றெரிச்சல் அவருக்கும் உண்டு. ஸ்டேஷனில் இரண்டு கம்ப்யூட்டர். கலியபெருமாள், அம்மாவாசை என்று எந்தப் பெயரை அடித்தாலும் இங்கிலீஷ் ஸ்பெல்செக் சிவப்புக் கோடு போடும். மாவட்டமே பிழை என்று சொல்லும் ஜந்து அது. ஒவ்வொரு பெயராக ரைட் கிளிக் செய்து அகராதியில் சேர்த்துப் பழக்கினார். அடுத்த மெஷினில் உட்கார்ந்தால் அது பிறந்த குழந்தை மாதிரி முழிக்கும். ரிப்பேருக்குப் போய் வந்த பிறகு முதல் மெஷினும் அத்தனையையும் மறந்துவிட்டது. இவர் அதைக் கெட்ட வார்த்தையில் திட்டியதை ஏட்டு பலராமன் இன்னமும் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறார்.

கமலவேணி பிரிண்டைக் கையில் எடுத்து மறுபடி பார்த்தார். இந்த முறை கோடு விழுந்த சொற்களை மட்டுமல்ல, விழாத சொற்களையும் பார்த்தார்.

"மூணு மெஷின்ல என்னென்ன வேல நடக்குது?" கேள்வி, இளைய டைப்பிஸ்ட் கலைவாணனைப் பார்த்து.

"பூவிழிது நர்சிங் காலேஜ், ஆஸ்பத்திரி வேல. எனுக்கு இன்ஜினியரிங் புராஜெக்ட். கிரயப் பத்திரம், வீட்டு மனை எல்லாம் மொதலாளி டேபிள்ல. அவர் மெஷின்லதான் பிரிண்டரும் இருக்கு. தாள் பொது ஃபோல்டர்ல கெடக்கும், எங்க இருந்தும் தொறக்கலாம்."

"பூஜைக்கு இதெல்லாத்தையும் துடைச்சீங்களா?"

"கடைய கூட்டிப் பெருக்கற கொளஞ்சிதான் தொடச்சாரு. எல்லாத்தையும் கழட்டி சாமி முன்னாடி வெச்சுப் படைச்சிட்டு, கைக்கு வந்த மாதிரி மாட்டி வெச்சிட்டாரு. மத்தியானமே பூட்டியாச்சு. மறுநாள் விஜயதசமிக்கு வந்து பாத்தா எவன் மானிட்டர் எவன் டேபிள்லன்னே தெரியல. மாத்தி மாத்தி எடுத்து வெச்சோம். பொட்டையும் தொடச்சிட்டோம்."

"பொட்டோட எந்த மானிட்டர் எந்த டேபிள்ல இருந்துச்சு?"

கலைவாணன் தலையைச் சொறிந்தான். "அதெல்லாம் யாரு மேடம் ஞாபகம் வெச்சிருக்கா?"

"பரவால்ல. மெஷினுக்கு ஞாபகம் இருக்கும். மூணு பேரும் அவங்கவங்க மெஷின்ல இந்தத் தாளத் தொறங்க."

மூன்று திரைகளிலும் ஒரே வினாத்தாள் விரிந்தது. கமலவேணி பிரிண்டோடு ஒவ்வொன்றாக ஒப்பிட்டுக்கொண்டே வந்தார்.

பூவிழியின் திரையில் பிரைமிகிராவிடா, ஒலிகோஹைட்ராம்னியாஸ் என்று வாயில் நுழையாத சொற்கள் சுத்தமாக நின்றன. ஆனால் கேள்வியில் வரும் ஊர்கள், அரியாங்குப்பம், முதலியார்பேட்டை, வீராம்பட்டினம், எல்லாவற்றின் கீழும் சிவப்பு. கலைவாணனின் திரையில் மருத்துவச் சொல்லுக்கும் சிவப்பு, ஊருக்கும் சிவப்பு.

மூன்றாவது திரையில் மருத்துவச் சொற்களுக்கெல்லாம் சிவப்பு. ஊர்ப் பெயர் ஒன்றின் கீழும் கோடு இல்லை.

பிரிண்டிலும் அப்படியேதான் இருந்தது.

"ராஜாங்கம்," என்றார் கமலவேணி. "படம் எடுத்தது நீங்கதான்."

"ஐயோ, என்னா மேடம்! ஸ்டிக்கர் கண்ணு முன்னாடி தெரியுது..."

"ஸ்டிக்கர் மானிட்டர்ல இருக்கு. மானிட்டர் வெறும் கண்ணாடி. வார்த்தைய கத்துக்கறது கீழ இருக்கற பொட்டி. ரைட் கிளிக் பண்ணிச் சேத்த வார்த்த அந்தந்தப் பொட்டியிலயே தங்கிடும், தாளோட கூட வராது. தெனம் பத்திரம் அடிச்சு அடிச்சு இந்த ஊர் பேரையெல்லாம் கத்துக்கினது உங்க பொட்டி ஒன்னுதான். பூவிழி பொட்டில எடுத்திருந்தா கோடு தலைகீழா விழுந்திருக்கும்."

"அவளே என் டேபிள்ல உக்காந்து எடுத்திருந்தா?"

"எப்ப? படத்துல மானிட்டர் மேல பொட்டு இருக்கு. பூஜை அன்னிக்கு மத்தியானத்துல இருந்து, மறுநாள் எல்லாரும் வந்து மாத்தி வெக்கற வரைக்குந்தான் அவ மானிட்டர் பொட்டோட உங்க மெஷின்ல இருந்திருக்க முடியும். அந்த நேரத்துல கடை பூட்டிக் கெடந்துச்சு. சாவி யார்கிட்டன்னு நீங்களே சொன்னீங்க."

ராஜாங்கம் பிரிண்டரைப் பார்த்தார், சரஸ்வதியைப் பார்த்தார். போக்கிடம் இல்லை.

"பூஜை அன்னிக்கு ஆயுதத்தத் தொடக்கூடாது," என்றார் கமலவேணி. "தொட்டது எப்ப?"

"மறுநாள் காலைலதான் மேடம், வெளக்கேத்தறதுக்கு முன்னாடியே வந்தேன்." அவர் குரல் இறங்கிவிட்டது. "துர்காவுக்கு இந்தப் பாடம் ரெண்டு தடவ போயிடுச்சு. இதுலயும் போனா காலேஜ்ல ஒக்கார வெக்க மாட்டேன்னுட்டாங்க. அக்கா வந்து அழுவுது. படத்த அவளுக்கு மட்டுந்தான் குடுத்தேன். அந்த முண்டம் ஊருக்கே அனுப்பும்னு நான் கண்டேனா? ஸ்டிக்கர் விழுந்ததையே இன்னிக்குக் காலைலதான் பாத்தேன்."

"பாத்ததும் விரல நீட்டிட்டீங்க."

பூவிழி சுவரை விட்டு முன்னால் வந்து நின்றாள்.

"ஆறு வருஷமா அண்ணா அண்ணான்னு கூப்புட்டேன். எப்பிடிண்ணா மனசு வந்துச்சு?"

"ஒனக்கென்னா பூவிழி," என்றார் அவர், சமாதானம் சொல்வதுபோல. "ஒனக்குத்தான் கவர்மெண்ட் வேல வரப்போவுதே. எப்பிடியும் இங்கேர்ந்து போயிடப் போறவதானே, ஒனக்கு ஒன்னும் நஷ்டமில்லன்னு நெனச்சேன்."

"என் பேர்ல கேஸ் வந்தா அந்த வேல எப்பிடிண்ணா வரும்?"

ராஜாங்கம் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். வாய் லேசாகத் திறந்திருந்தது.

"அத நான் யோசிக்கவே இல்லம்மா," என்றார்.

இத்தனை வருட உத்தியோகத்தில் பொய்யை வாசனை பிடிக்கப் பழகியிருந்தார் கமலவேணி. இது பொய் இல்லை. மனிதர் நிஜமாகவே யோசித்திருக்கவில்லை. அது பூவிழிக்கும் தெரிந்தது. காலையிலிருந்து ஒரு சொட்டுக் கண்ணீர் விடாமல் நின்றவள், அப்போதுதான் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். கலைவாணன் அவளுக்கு நாற்காலியை இழுத்துப் போட்டான். கமலவேணி ராஜாங்கத்திடம் கையை நீட்டி, கடைச் சாவியைக் கேட்டார்.