ஜெனி உறங்கும் சத்தம்

"ஆபரேஷனுக்கு என் குரலைத்தான் வைக்கணும், நான்தான் அவகூடவே..."

"நீயே பேசிக்கிட்டிருந்தா வேற யாரு குரல் அவளுக்குப் பழகும்? நான் வாயத் தொறந்தாலே..."

"தொறக்க வீட்டுல இருக்கணும்ல? எந்நேரமும் ஹார்பரே கதின்னு..."

"கிரேன என்ன ஒங்கப்பனா வந்து ஓட்டுவாரு?"

"ரெண்டு பேரும் நிறுத்தாதீங்க!" என்றார் மயக்க மருத்துவர் திலகவதி.

பெனிட்டாவும் செல்வினும் சட்டென்று வாயை மூடிக்கொண்டார்கள். இதுவரை யாரும் அவர்களிடம் அப்படிச் சொன்னதில்லை.

கட்டிலில் கிடந்த அவர்களின் ஒன்றரை வயது மகள் ஜெனிக்கு முதுகுத்தண்டில் கட்டி. அறுத்தெடுக்க நாலு மணி நேரம். வளர்கிற மூளைக்கு ஆகாதென்று சின்னப் பிள்ளைகளுக்கு மயக்க மருந்தைக் கைவிட்டுப் பல வருஷம் ஆகிறது. இப்போது ஒலித்துயிலிதான். எந்தச் சத்தத்தில் பிள்ளையின் மூளை அடங்குகிறதோ அதைக் காதுக்குள் ஊட்டும். அறுக்கிற இடத்துக்கு மட்டும் மரத்துப்போகும் ஊசி. பதிவு செய்த குரல் உதவாது. மூளை கால் மணியில் கண்டுபிடித்துவிடும்.

"காலையில நீங்க பாடுனப்போ விழிப்புமானி எழுபதுக்குக் கீழ இறங்கலம்மா. இவர் கதை சொன்னப்போ எண்பது. இப்போ சண்டை போட்டீங்க பாருங்க, பன்னிரண்டு. இருபதுக்குக் கீழ இருந்தாத்தான் அறுக்க முடியும்."

பெனிட்டாவுக்குக் காது மடல் சுட்டது. "அதெப்படி டாக்டர்?"

"ஒருத்தர் குரல் மட்டும் கேட்டா இன்னொருத்தர் எங்கேன்னு தேடுறா. ரெண்டும் கேட்டாத்தான் நிம்மதி."

வியாழக்கிழமை, ஆபரேஷன் அறைக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் மைக் முன்னால் உட்கார்ந்தார்கள். முதலில் வெட்கமாக இருந்தது. கல்யாணத்தில் பிரியாணி பத்தாமல் போனதில் ஆரம்பித்தான் செல்வின். அவள் அவன் அக்காவை இழுத்தாள். அவன் அவள் அம்மாவை. விழிப்புமானி பத்தில் படுத்துக் கிடந்தது. உள்ளே கத்தி வேலை செய்தது.

வீடாக இருந்தால் இதற்குள் யாராவது ஒருவர் கதவை அறைந்துவிட்டுப் போயிருப்பார்கள். இங்கே எழுந்திருக்க முடியாது. ஒவ்வொரு சண்டையையும் கடைசிவரை போட வேண்டியிருந்தது. மூன்று மணி நேரம் தாண்டியதும் அவள் கேட்டாள்: "ஜெனி பொறந்தன்னைக்கு ஏன் வரல?"

"வந்தேன். நீ அலறுனதக் கேட்டு பிரசவ வார்டு வாசல்லயே நின்னேன். பயந்து எறங்கிப் போயிட்டேன். ஷிப்டுன்னு சொன்னது பொய்."

அவன் குரல் உடைந்தது. பெனிட்டா வாயைத் திறந்தாள். திட்ட ஒன்றும் வரவில்லை. அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

இருபது. முப்பத்தைந்து. ஐம்பது.

"விரலை அசைக்கிறாம்மா! இன்னும் நாற்பது நிமிஷம் இருக்கு, சண்டை போடுங்க!" உள்ளேயிருந்து திலகவதி கத்தினார்.

செல்வின் தலை குனிந்து அழுதுகொண்டிருந்தான். பெனிட்டா அவன் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

"ஏங்க, எங்கம்மாவத் திட்டுங்க... ஏதாவது சொல்லித் திட்டுங்களேன்!"