நிறைய தண்ணி குடிங்க

குளியலறைக் கதவைத் திறந்ததும் வெந்நீர் ஆவியோடு ஒரு இனிப்பு வாசனை முகத்தில் வந்து அப்பியது. பழத்தின் இனிப்பு இல்லை, சோப்பும் இல்லை. புதிதாக வண்ணம் பூசிய இரும்பு அலமாரியைத் திறந்தால் வருமே, மூக்கின் உச்சிக்குப் போய் லேசாகக் குளிரும் ஒன்று, அது மாதிரி. அவள் வாளிக்குள் குனிந்து பார்த்தாள். தண்ணீர் தெளிவாகத்தான் இருந்தது. அடியில் வாளியின் கீறல்கள்கூடத் தெரிந்தன.

"ஏங்க, கொஞ்சம் வாங்களேன். தண்ணியில ஏதோ வாசனை வருது."

கணவன் பல் துலக்கிக்கொண்டே வந்து முகர்ந்துவிட்டு உதட்டைப் பிதுக்கினான். "எனக்கு ஒண்ணும் தெரியலையே. போன வாரம் என் சட்டை நாறுதுன்னே. அதுக்கு முந்தின வாரம் நானே நாறுறேன்னே. பிரசவம் ஆகிறவரைக்கும் உன்னைப் போலீஸ் நாய்க்குப் பதிலா வேலைக்கு விடலாம்."

அவளும் சிரித்துவிட்டாள். சிரித்தபடியே அதே குழாயில் தண்ணீர் பிடித்து, நன்றாகக் கொதிக்கவைத்து, ஆறவைத்து, இரண்டு பாட்டில்களில் ஊற்றிக்கொண்டு வேலைக்குக் கிளம்பினாள். கொதிக்கவைத்துத்தான் குடிக்க வேண்டும் என்பதில் அவள் கறார். ஐந்தாம் மாதம். எதிலும் அலட்சியம் கூடாது.

தெருமுனையில் இருக்கும் சின்ன ஆஸ்பத்திரியில் அவள் ஸ்கேன் எடுப்பவள். அந்த அறை பகல் பதினொரு மணிக்கும் இருட்டாகவே இருக்கும். ஜன்னலில் கறுப்புத் திரை, இயந்திரத்துக்குள் ஓயாமல் முனகும் மின்விசிறி, வயிற்றில் தடவும் களிம்பின் சில்லிப்பு, அதைத் துடைத்துப் போட்ட காகிதங்களின் ஈர வாடை. வெளியே பெஞ்சில் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருப்பார்கள். ஆரம்ப மாதங்களில் சிறுநீர்ப்பை நிரம்பியிருந்தால்தான் படம் தெளிவாக விழும். "நிறைய தண்ணி குடிங்க" என்று ஒரு நாளைக்கு ஐம்பது முறையாவது சொல்வாள். தூக்கத்திலும் சொல்கிறாள் என்று கணவன் கேலி செய்வான்.

அன்று முதலில் வந்து படுத்தவள், அவள் குடியிருக்கும் அடுக்ககத்திலேயே கீழ் வீட்டுக்காரி. கல்யாணமாகி ஒரு வருடம் ஆகவில்லை. பதினொரு வாரக் கர்ப்பம்.

"அக்கா, இன்னிக்காவது மூஞ்சியைக் காட்டுமா?"

"அதுக்குள்ள என்ன அவசரம்? அசையாம படு."

கருவியை வைத்து நகர்த்தினாள். சாம்பல் நிறத்துக்கு நடுவே கறுப்பாக ஒரு சிறு குளம்; குளத்தின் அடியில் பிள்ளை. நெஞ்சின் நடுவே ஒரு புள்ளி படபடக்க வேண்டும். அவள் கருவியைச் சாய்த்தாள். அழுத்தினாள். காத்திருந்தாள். விசிறி முனகியது. புள்ளி இல்லை.

திரையை மெதுவாகச் சுவர்ப் பக்கம் திருப்பினாள்.

"என்னக்கா, பேசமாட்டேங்கறீங்க?"

"டாக்டர் வந்து பார்ப்பாங்கம்மா."

"ஒண்ணும் இல்லையே?"

"டாக்டர் சொல்வாங்க."

எந்த முடிவையும் அவள் சொல்லக் கூடாது. அதுதான் அங்கே விதி. இந்த வாரத்தில் இப்படித் திரையைத் திருப்பியது இது மூன்றாவது முறை.

மதியம் வேறொருத்தி வந்தாள். இருபது வாரம். துடிப்பு நன்றாக இருந்தது. ஆனால் முதுகெலும்பின் மணிகள் வரிசையாக இறங்கிக்கொண்டே வந்து, கடைசி மூன்று மட்டும் மூடாமல் விரிந்து கிடந்தன. அவளை அனுப்பிவிட்டு அறிக்கைக்கு முகவரி அடிக்கும்போது விரல்கள் தானாக ஓடின. பாதியில்தான் உறைத்தது. தன் சொந்த முகவரி. கதவு எண் மட்டும்தான் வேறு.

அவள் பழைய அறிக்கைகளைத் திறந்து பார்த்தாள். எட்டு மாதத்தில் அதே வாசலிலிருந்து பதினொரு பேர் வந்திருந்தார்கள். நல்ல சேதியோடு போனவர்கள் இரண்டு பேர். பன்னிரண்டாவது ஆள் இன்னும் இந்த மேஜையில் படுக்கவில்லை. பயமாக இருக்கும் என்று தன் வயிற்றைத் தானே பார்ப்பதில்லை அவள். டாக்டரும் மூன்றாம் மாதத்தில் பார்த்ததோடு சரி.

எட்டு மாதத்துக்கு முன்னால் என்ன நடந்தது? பழைய கிணறு வற்றி, புது போர்வெல் போட்டார்கள்.

சாயங்காலம் நேராக மோட்டார் அறைக்குப் போனாள். அடுக்ககத்தின் பின்சுவரை ஒட்டிய தகரக் கொட்டகை. மோட்டார் ஓடும் அதிர்வு செருப்பைத் தாண்டி உள்ளங்காலில் ஏறி, முழங்காலில் ஏறி, அடிவயிறுவரை வந்து நின்றது. அடுக்ககத்துக்குத் தண்ணீர் ஏற்றிவிடும் மோட்டார்காரர் எழுந்து தன் நாற்காலியை அவளுக்குத் தள்ளினார்.

"உட்காரும்மா. இந்த மாதிரி நேரத்துல நிக்கக் கூடாது."

"அண்ணே, இந்த போர் போட்ட இடத்துல முன்னாடி என்ன இருந்துச்சு?"

"பட்டறைதான். மெஷின் சாமானெல்லாம் வரும். எண்ணெய்ப் பிசுக்குப் போக மருந்து போட்டுக் கழுவி அனுப்புவாங்க. மூடி ஏழெட்டு வருஷம் ஆச்சு."

"கழுவின தண்ணியை எங்க விடுவாங்க?"

"ஒரு குழி இருந்துச்சும்மா. அதுலதான்."

"எங்கண்ணே?"

அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, அவள் உட்கார்ந்திருந்த நாற்காலிக்கு அடியில் காலால் ஒரு கோடு போட்டார்.

மறுநாள் கண்ணாடிப் பாட்டிலில், ஒரு குமிழிகூட இல்லாமல், விளிம்புவரை நிரப்பித் தண்ணீர்ப் பரிசோதனைக்கூடத்தில் கொண்டுபோய்க் கொடுத்தாள். அன்றிலிருந்து வீட்டுத் தண்ணீரை வாயில் வைக்கவில்லை. ஆஸ்பத்திரிக் கேனிலிருந்து பாட்டில்களை நிரப்பிக்கொண்டு போனாள். கணவனுக்கும் அதையே கொடுத்தாள். அவன் கேலியை நிறுத்தியிருந்தான். கீழ் வீட்டில் கதவு பூட்டியே கிடந்தது. சுவருக்குள் குழாயில் தண்ணீர் ஏறும் சத்தம், யாரோ மூச்சை உள்ளே இழுப்பது போல, எல்லா வீட்டுக்கும் ஒரே சமயத்தில் ஏறியது.

ஐந்தாம் நாள், நோயாளிகள் வரத் தொடங்கும் நேரத்தில், பரிசோதனைக்கூடத்திலிருந்து ஒரு பெண் கூப்பிட்டாள்.

"இந்தத் தண்ணி எங்கேருந்து எடுத்தீங்க?"

"வீட்டுக் குழாய்லேருந்து."

"நாங்க நம்பாம மூணு தடவை ஓட்டிப் பார்த்தோம். உலோகம் கழுவுற ரசாயனம் இருக்கு. ரொம்ப இருக்கு. யாராவது குடிக்கிறாங்களா?"

"நான் கொதிக்கவெச்சுத்தான்..."

"கொதிக்கவெக்காதீங்க. சூடு பண்ணினா ஆவியில வரும். அந்த அறையில நின்னா மூச்சு வழியா உள்ள போகும். பச்சைத் தண்ணியில அவ்வளவா வாசனையும் தெரியாது." குரல் தயங்கியது. "வீட்டுல மாசமா யாராவது இருக்காங்களா?"

"இதனாலதானா... பிள்ளைங்களுக்கு..."

"இதனாலதான்னு என்னால சொல்ல முடியாதுங்க. சொல்லவும் கூடாது. குடிக்காதீங்கன்னு மட்டும் சொல்றேன்."

அவளும் இப்படித்தான் பேசுவாள். டாக்டர் சொல்வாங்க என்று.

போனை வைத்துவிட்டு வராந்தாவுக்கு வந்தாள். வெளிச்சம் கண்ணைக் கூசியது. வாசலில் ஒரு மூன்று சக்கர வண்டி நின்றது. தோளில் தண்ணீர்க் கேனோடு படியேறி வந்துகொண்டிருந்தார் மோட்டார்காரர்.

"அண்ணே, நீங்க எங்க இங்க?"

"கேன் போடுற பையன் வரலைம்மா. அதான் நானே தூக்கிட்டு வந்துட்டேன்."

"இது எந்தத் தண்ணி?"

"நம்ம போர் தண்ணிதான்." அவர் முகத்தில் ஒரு பெருமை. "எட்டு மாசமா கேன்காரங்க நம்மகிட்டதான் பிடிக்கிறாங்க. ஆஸ்பத்திரிக்குப் போறதுன்னு நானே கேனைக் கழுவித் தரேன்."

அவள் தன் கையிலிருந்த பாட்டிலைப் பார்த்தாள். பாதி காலி.

பெஞ்சில் ஆறு பெண்கள். ஆறு டம்ளர்கள். ஒருத்தி அண்ணாந்து குடித்துக்கொண்டிருந்தாள். கழுத்தில் தண்ணீர் இறங்குவது தெரிந்தது.

"குடிக்காதீங்க."

யாரும் நிறுத்தவில்லை. அவள் குரல் அவளுக்கே கேட்கவில்லை. ஓடிப்போய் முதல் டம்ளரைத் தட்டிவிட்டாள். அடுத்ததைப் பிடுங்கினாள். கேனைக் கவிழ்த்தாள். தண்ணீர் தரையில் பரவி, பெண்களின் கால்களைத் தொட்டுக்கொண்டு, வாசல்வரை போனது.

"நீங்கதானே அக்கா குடிக்கச் சொன்னீங்க?" என்றாள் கடைசியில் உட்கார்ந்திருந்தவள்.

ஸ்கேன் அறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டாள்.

வெளியே கதவைத் தட்டினார்கள். டாக்டரின் குரல் கேட்டது. அவள் மேஜையில் ஏறிப் படுத்தாள். களிம்பு. சில்லிப்பு. கருவி.

சாம்பல். கறுப்பு. பிறகு, துடிப்பு.

நூற்று நாற்பத்தெட்டு. சீராக. அவளுக்கு மூச்சு திரும்பியது. முதுகெலும்பைத் தேடினாள். மணிகள் ஒன்றன்பின் ஒன்றாக இறங்கின. கடைசிவரை மூடியிருந்தன. தொடையெலும்பை அளந்தாள். சரியான அளவு. விரல்களை எண்ணினாள். ஐந்து. இந்தப் பக்கமும் ஐந்து. கண்ணீர் காதுக்குள் வழிந்தது. ஒண்ணும் ஆகலை. உனக்கு ஒண்ணும் ஆகலை, கண்ணு.

முகத்தைப் பார்க்க ஆசை வந்தது. கருவியை மேலே நகர்த்தினாள். நெற்றி. மூக்கு. உதடு.

பிள்ளை வாயைத் திறந்தது.

சுற்றிலும் கறுப்பாக நின்றது நீர். ஐந்து மாதமாக அவள் குடித்ததிலிருந்து அவள் உடம்பு வடித்துக் கொடுத்த நீர். சிறிய நாக்கு அசைந்தது. தொண்டை ஒருமுறை ஏறி இறங்கியது.

"வேணாம்," என்றாள் அவள்.

வாய் மூடியது. திறந்தது. தொண்டை ஏறி இறங்கியது.

வேணாம். வேணாம் கண்ணு.

கருவியை எடுத்தால் திரை இருண்டுவிடும். உள்ளே எதுவும் நிற்காது. அவள் எடுக்கவில்லை.

பிள்ளை குடித்துக்கொண்டிருந்தது. நிதானமாக, தாகமாக.