ஒரே ஒரு தடவை திறந்துவிடு

சாமல்பட்டி ஸ்டேஷனைத் தாண்டி வேன் நின்றபோது காலை மணி பதினொன்று இருக்கும். எட்டுப் பேர் இறங்கினோம். எல்லோரும் ஓசூரில் ஒரே எலக்ட்ரானிக்ஸ் கம்பெனியில், ஒரே லைனில் வேலை பார்ப்பவர்கள். எங்கள் லைனுக்குப் பொருள் கொண்டுவந்து தரும் பிரகாஷ், பைக்கில் போய் லாரியில் மோதி இறந்து அன்றைக்கு மூன்றாம் நாள். அவன் ஊரில் பால் ஊற்றும் சடங்கு. லைன் லீடர் அண்ணாதுரை அண்ணன் மாலை வாங்கி, வேன் பேசி எங்களை அழைத்து வந்திருந்தார்.

ஜோதிமணி கடைசியாக இறங்கினாள். அவளும் நானும் பாகலூர் ரோட்டில் ஒரே அறையில் தங்கியிருக்கிறோம். அவள் வரமாட்டேன் என்றுதான் சொன்னாள். செத்த வீட்டுக்குப் போகாவிட்டால் நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்கள் என்று காலையிலிருந்து அவள் காதில் ஓதி, நான்தான் இழுத்துக்கொண்டு வந்தேன். எனக்கு வாய் நீளம். ரஞ்சிதா வாயில் விழுந்தால் எழுந்திருக்க முடியாது என்று லைனில் கேலி செய்வார்கள். இப்போது அதைக் கேட்டால் சிரிப்பு வருவதில்லை.

பிரகாஷைக் கெட்டவன் என்று யாரும் சொல்லமாட்டார்கள். யாருக்காவது பிறந்தநாள் என்றால் முதல் ஆளாகக் கேக் வாங்கி வருவான். லைன் குரூப்பிலிருந்து ஜோதிமணியின் நம்பரை எடுத்திருக்கிறான். முதலில் குட் மார்னிங் வந்தது. பிறகு சாப்டியா. பிறகு தூங்கிட்டியா. இவள் பதில் போடாவிட்டால் பின்னாலேயே ஒரு கேள்விக்குறி மட்டும் தனியாக வரும். எப்போதும் இரண்டாகத்தான் வரும். போன் இரண்டு முறை அதிரும்.

ர்ர். ர்ர்.

ஒரு நாள் கேன்டீனில் வைத்து அவன் முகத்துக்கு நேராகவே சொன்னாள். வேலை விஷயம் தவிர எனக்கு மெசேஜ் பண்ணாதீங்கண்ணா, எனக்குப் பிடிக்கல என்றாள். அவன் சிரித்துக்கொண்டே தலையாட்டினான். அன்று சாயங்காலமே, "ஒரே ஒரு தடவ பேசு" என்று வந்தது. அடுத்ததாகக் கேள்விக்குறி. ஜோதிமணி அவனை பிளாக் செய்துவிட்டாள். சண்டை இல்லை, புகார் இல்லை, யாரிடமும் ஒரு வார்த்தை இல்லை. தான் வேண்டாம் என்று சொன்ன ஒருவன் வெளியே இருக்க வேண்டும், அவ்வளவுதான் அவள் கேட்டது.

அவன் எங்களிடம் வந்து நின்றான். ஆளாளுக்குச் சிபாரிசு கேட்டான். அவ கிட்டச் சொல்லி ஒரு தடவ பிளாக்க எடுத்துவிடச் சொல்லுங்க என்பான். மூன்று மாதம் இப்படியே போனது. பிறகு லாரி வந்தது.

இடுகாடு ஊருக்கு வெளியே, ஒரு மாந்தோப்பை ஒட்டி இருந்தது. வெயில் சுள்ளென்று அடித்தது. புது மண் மேட்டில் ஊற்றிய பால் அதற்குள்ளாகவே புளித்து வாடை வர ஆரம்பித்திருந்தது. மேட்டின் தலைமாட்டில் அவனுக்குப் பிடித்ததையெல்லாம் படைத்திருந்தார்கள். முட்டை பிரியாணி, ஒரு சிகரெட் பாக்கெட், கூலிங் கிளாஸ். பக்கத்தில் ஒரு மஞ்சள் துணி. அவன் அம்மா மாரம்மா அந்தத் துணியில் அவனுடைய போனைச் சுற்றப்போனவர், சுற்றாமல் நிறுத்தினார். அந்த அம்மா மாங்கூழ் கம்பெனிகளில் சீசன் வேலை பார்த்துத் தனியாக அவனை வளர்த்தவர். விரல் இடுக்கெல்லாம் கறை ஏறிக் கிடந்தது.

"இதில்லாம அவன் தூங்கமாட்டான். கூடவே வெச்சர்றன்," என்றார். பிறகு எங்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்து, "ஜோதி எந்தப் பாப்பா?" என்று கேட்டார்.

எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். அவள் தரையைப் பார்த்தாள்.

மாரம்மா போனை அவளிடம் நீட்டினார். எல்லோருக்கும் படம் வருகிறது, இந்தப் பெண்ணுக்கு மட்டும் வெறும் வட்டம்தான் வருகிறது, அதைப் பார்த்துப் பார்த்து என் பிள்ளை சோறு இறங்காமல் கிடந்தான் என்று அழுதார். பிறகு குரல் தாழ்ந்தது.

"ஒரே ஒரு தடவ தொறந்து வுடு சாமி. அவன் மனசு ஆறி அடங்கட்டும். செத்தவன் என்னா பண்ணிடப் போறான்?"

ஜோதிமணி அசையவில்லை. அண்ணாதுரை அண்ணன் தொண்டையைச் செருமினார். லைன் பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்த அம்மா நீட்டிய கையை மடக்கவில்லை. எனக்கு மனசு கேட்கவில்லை. அதைவிட, எட்டுப் பேருக்கு நடுவே எனக்குக் கூச்சமாக இருந்தது. ஒரு பட்டனுக்குப் போய் இவள் ஏன் இப்படிக் கல்லாக நிற்கிறாள் என்று அவள்மேல்தான் கோபம் வந்தது.

"வேணாண்டி," என்றாள் எனக்கு மட்டும் கேட்கும்படி.

அவள் கையிலிருந்த அவளுடைய போனை வாங்கினேன். ஒரே அறையில் இருப்பவளுக்கு லாக் எப்படி எடுப்பது என்று தெரியாதா? பிரகாஷ் பெயரைத் தேடி எடுத்து, பிளாக்கை நீக்கும் பட்டனை அழுத்தினேன்.

மாரம்மா கையிலிருந்த போனில் அந்த வட்டத்துக்குள் ஜோதிமணியின் முகம் வந்தது. அந்த அம்மா திரையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். மஞ்சள் துணியில் சுற்றி, தலைமாட்டு மண்ணை முழங்கை ஆழத்துக்குத் தோண்டி, உள்ளே வைத்து மூடினார். எங்கள் எட்டுப் பேர் கண்ணெதிரே மூடினார்.

ஐந்து மணிக்கு அறைக்கு வந்து சேர்ந்தோம். ஜோதிமணி தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு தலை துவட்டினாள். ஜன்னல் திண்டில் அவள் போன் கிடந்தது.

ர்ர். ர்ர்.

"போய்ச் சேந்துட்டியா."

"?"

யாரோ விளையாடுகிறார்கள் என்றேன். இரக்கமில்லாத ஜென்மங்கள் என்று திட்டவும் செய்தேன். அவன் கணக்கைக் கம்ப்யூட்டரில் திறந்து வைத்திருந்த எவனோ ஒருவன்தான் என்று நானே ஒரு காரணமும் கண்டுபிடித்தேன். ஜோதிமணி, யார் இது என்று எழுதி அனுப்பினாள். அதற்கு ஒற்றை டிக் மட்டும் விழுந்தது. அந்த ஒற்றை டிக் இன்றுவரை இரண்டாகவில்லை. நாம் அனுப்புவது போய்ச் சேராத இடத்திலிருந்து அவளுக்கு வந்துகொண்டே இருந்தது.

"சாப்டியா." "?"

"மஞ்ச துப்பட்டா நல்லாருக்கு." "?"

மஞ்சள் துப்பட்டாவை அவள் அன்றைக்குத்தான் முதல் முறை போட்டாள்.

மொபைல் கடை வைத்திருக்கும் சமீர் அண்ணனிடம் கொண்டுபோனோம். நிதானமான மனிதர். அந்த நம்பருக்கு அடித்துப் பார்த்தார், சுவிட்ச் ஆஃப். இது ஒரு விஷயமா என்று எங்கள் முன்னாலேயே பிளாக் செய்து காட்டினார். பிளாக் செய்தவர்கள் பட்டியலில் பிரகாஷ் என்ற பெயர் இருந்தது. மூன்று பேரும் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தோம்.

பெயர் போய்விட்டது.

யாரும் திரையைத் தொடவில்லை. அண்ணன் மறுபடி செய்தார். மறுபடி போனது. மூன்றாவது தடவை அவர் விரல் திரைக்கு மேலேயே நின்றுவிட்டது. கல்லாப்பெட்டி மேல் போனை வைத்து, ஒரு துணியால் பிடித்து எங்கள் பக்கம் தள்ளினார். "புது சிம் போட்டுக்கம்மா. இத இங்க வெக்காதீங்க," என்றார்.

புது சிம் போட்டாள். நம்பர் சொந்த ஊரான கல்லாவியில் இருக்கும் அவள் அம்மாவுக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும். வாட்ஸப்பே வைத்துக்கொள்ளவில்லை. இரண்டு நாள் அமைதி. மூன்றாம் நாள் காலை தலை வாரிக்கொண்டிருந்தாள். சாதாரண எஸ்எம்எஸ் வரும் பெட்டியில் வந்தது.

"நம்பர் மாத்திட்டியே." "?"

அவள் சீப்பை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். "நீ குடுத்தியாடி?"

இல்லை என்றேன். சத்தியம் செய்தேன். அவள் நம்பினாளா என்று தெரியவில்லை. ஒரு தடவை நான் கேட்காமல் அழுத்தியவள்தானே. அந்தப் பார்வையை நினைத்தால் இன்றைக்கும் எனக்குச் சோறு இறங்குவதில்லை.

லைனில் சொல்லிப் பார்த்தோம். அண்ணாதுரை அண்ணன், பாவம் அந்தம்மா யாரையாவது விட்டு அனுப்பச் சொல்லுதோ என்னவோ, நாலு நாள் பொறுத்துப் போம்மா என்றார். லைன் பெண்களோ, நல்ல பையன், ஆசையாக இருந்தான், அவ்வளவுதானே என்றார்கள். அவன் உயிரோடு இருந்தபோதும் இதே பேச்சைத்தான் பேசினார்கள். நானும் பேசியிருக்கிறேன்.

வார லீவு அன்று இரண்டு பேரும் பஸ் பிடித்து, கிருஷ்ணகிரியில் இறங்கி மாறி, சாமல்பட்டி போனோம். மாரம்மா வாசலில் புளி உடைத்துக்கொண்டிருந்தார். நான் எல்லாவற்றையும் சொன்னேன். போனைக் காட்டினேன். அவருக்குப் படிக்கத் தெரியாது. நான் படித்துக் காட்டினேன். அவர் பயப்படவில்லை, ஆச்சரியப்படவும் இல்லை. புளிக் கொட்டையை விரலால் தள்ளிக்கொண்டே இருந்தார்.

"அவன் கிட்ட நீங்க சொல்லுங்கம்மா," என்றாள் ஜோதிமணி. "எனக்கு வேணான்னு சொல்லுங்க."

"நான் சொன்னா அவன் என்னிக்குப் பாப்பா கேட்டான்?" என்றார் மாரம்மா.

அந்த அம்மாவே எங்களோடு இடுகாட்டுக்கு வந்தார். உச்சி வெயில். தோப்பில் ஒரு இலை அசையவில்லை. மண் மேடு கொஞ்சம் அமுங்கி வெடித்திருந்தது. நான் மண்டியிட்டுத் தலைமாட்டில் கையாலேயே தோண்டினேன். மேல் மண் சுட்டது, உள்ளே ஈரம். அந்தப் புளித்த பால் வாடை மூக்கில் ஏறியது. மஞ்சள் துணி கையில் தட்டியது.

பிரித்தேன். திரைக்குள் தண்ணீர் கோத்திருந்தது. பேட்டரி உப்பிப் பின்மூடி விலகியிருந்தது. பட்டனை அழுத்திப் பிடித்தேன். உயிர் இல்லை.

ஜோதிமணி மேட்டுக்கு எதிரே வந்து நின்றாள். கேன்டீனில் சொன்னதைப் போலவே, ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னாள்.

"எனக்கு மெசேஜ் பண்ணாதீங்க. எனக்குப் புடிக்கல. வேணாம்."

அவன் போன் என் உள்ளங்கையில் சில்லென்று கிடந்தது. மாரம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். நான் மனசுக்குள் எண்ணினேன். பத்து. இருபது. முப்பது வரை எண்ணினேன்.

ஜோதிமணியின் கைப்பைக்குள்ளிருந்து வந்தது.

ர்ர். ர்ர்.

நான்தான் எடுத்துப் பார்த்தேன்.

"வந்துட்டியா."

"?"

அன்றைக்கு அவள் தன் போனை அணைத்து, சிம்மைக் கழற்றி, ஓசூர் வந்ததும் டிரங்குப் பெட்டியின் அடியில் போட்டாள். பெட்டிக்குள்ளிருந்து அதிர்ந்தது. கல்லாவிக்குப் போய் நான்கு நாள் இருந்தாள். அங்கே அவள் அம்மாவின் போனுக்கு வந்தது. அதனால் திரும்பி வந்துவிட்டாள்.

ஒரே ஒரு இடம் மிஞ்சியது. எங்கள் கம்பெனியில் போன் உள்ளே போகாது. கேட்டிலேயே நம்பர் போட்ட பெட்டியில் வைத்துப் பூட்டிவிட வேண்டும். செக்யூரிட்டி கருவியால் உடம்பு முழுக்கத் தடவிப் பார்த்துத்தான் விடுவார்கள். உள்ளே போனதும் நாங்கள் போட்டுக்கொள்ளும் நீலக் கோட்டுக்குப் பாக்கெட்டே கிடையாது. அந்தக் கேட்டைத் தாண்டியதும் ஜோதிமணியின் தோள் இறங்குவதை நான் பார்த்திருக்கிறேன். எட்டு மணி நேரம் போதாது என்று ஓவர்டைம் கேட்டு வாங்கினாள். அடுத்த ஷிஃப்டில் யாராவது வரவில்லை என்றால் முதலில் கை தூக்குவது அவள்தான். கண் குழி விழுந்துபோனது. ஆனால் லைனில் உட்கார்ந்தால் ஒரு பாட்டை முணுமுணுப்பாள். போன வாரம் என்னைப் பார்த்துச் சிரிக்கக்கூடச் செய்தாள். அந்தச் சிரிப்பைப் பார்த்து, எனக்கு மன்னிப்புக் கிடைத்துவிட்டது என்று நினைத்தேன்.

நேற்றுக் காலை பத்து மணி. லைன் ஓடிக்கொண்டிருந்தது. ஏசி இரைச்சல், சூடான ஈயத்தின் வாடை, எல்லாம் தினமும் இருப்பதுதான். என் பக்கத்து இருக்கையில் அவள் கை நின்றது. சர்க்யூட் போர்டுகள் ஒன்றன் பின் ஒன்றாக வந்து அவள் முன்னால் சேர்ந்தன.

"ரஞ்சி," என்றாள். முகம் திரும்பவில்லை. "என் இடுப்புல கை வையி."

"ஏன்டி?"

"வையி."

வைத்தேன். கோட் துணி. அதற்குக் கீழே சுடிதார். அதற்குக் கீழே அவள் எலும்பு. வேறு ஒன்றும் இல்லை. நன்றாகத் தடவிப் பார்த்தேன், ஒன்றுமே இல்லை.

ர்ர். ர்ர்.

என் உள்ளங்கையில் அதிர்ந்தது. அவள் உடம்புக்குள்ளிருந்து அதிர்ந்தது.

ஜோதிமணி அழவில்லை. கேட்டைத் தாண்டி வந்த பிறகும் இது நடந்துவிட்டது என்பதை அவள் முகம் அதற்குள் ஒப்புக்கொண்டிருந்தது. என் பக்கம் மெல்லத் திரும்பினாள். கோபமாகக் கேட்டிருந்தால் தாங்கியிருப்பேன். தெரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காகத்தான் கேட்டாள்.

"நீதான தொறந்த. எங்க அமுத்தி மூடறதுன்னு சொல்லுடி."

அந்தக் கோடியிலிருந்து அண்ணாதுரை அண்ணன், லைன் ஏன் நிற்கிறது என்று கேட்டுக்கொண்டு வந்தார். என் கை இன்னும் அவள் இடுப்பில்தான் இருந்தது. எடுக்கத் தோன்றவில்லை.

மறுபடியும் அதிர்ந்தது. இரண்டு முறை.