சித்திரையில் உறைந்த டீசல்

வின்ஸ்டன் கழற்றி எடுத்த டீசல் ஃபில்டர் கையில் சில்லென்று இருந்தது.

அவிநாசியைத் தாண்டி, பைபாஸ் ஓரத்தில், சித்திரை வெயிலில் தார் இளகி வாடையடித்துக்கொண்டிருந்த மத்தியானம். லாரியின் இரும்பில் எங்கே கை வைத்தாலும் சுட்டது. பனியன் வேஸ்ட் துணியைச் சுற்றிக்கொண்டுதான் ஸ்பேனரையே பிடித்திருந்தான். அந்த ஃபில்டர் மட்டும், ஃப்ரிட்ஜிலிருந்து அப்போதுதான் எடுத்ததுபோல மேலெல்லாம் நீர் கோத்துக் குளிர்ந்து கிடந்தது. கவிழ்த்துப் பார்த்தான். டீசல் ஒரு சொட்டும் வரவில்லை. மார்கழிக் காலையில் உறைந்துபோகும் தேங்காய் எண்ணெய் மாதிரி வெள்ளையாய் இறுகிக் கிடந்தது. விரலால் நோண்டினால் மெழுகாக உதிர்ந்தது.

வடக்கே பனி விழும் ஊர்களில் இப்படி ஆகும் என்று கேள்விப்பட்டிருக்கிறான். குளிரில் டீசலிலுள்ள மெழுகு பிரிந்து ஃபில்டரை அடைத்துக்கொள்ளும். இன்ஜினுக்கு டீசல் போகாமல் வண்டி நின்றுவிடும். போத்தனூரில் பட்டறை வைத்த இத்தனை வருஷத்தில் மார்கழியில்கூட அவன் இதைப் பார்த்ததில்லை.

"எங்கடா டீசல் போட்டே?"

"எப்பவும் போடற பங்க்குலதான் மாப்ள."

ரசாக் கேபினிலிருந்து இறங்கவில்லை. கண்ணாடியை ஒரு விரற்கடை மட்டும் இறக்கிவிட்டு, தோளில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு, ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தான்.

இருவரும் பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் படித்தவர்கள். தை மாதம் மோட்டார் பம்ப் லோடு ஏற்றிக்கொண்டு காஷ்மீர் போய் வந்ததிலிருந்து ரசாக் யாரிடமும் சரியாகப் பேசுவதில்லை. இன்று காலை அவன் மனைவி யாஸ்மின்தான் வின்ஸ்டனுக்குப் போன் செய்தாள். "வண்டி நின்னுபோச்சுன்னு சொன்னாருங்கண்ணா. கொரலே சரியில்லீங்க. நீங்க போயி கையோட ஊட்டுக்குக் கூட்டிட்டு வந்துருங்க."

புது ஃபில்டரை மாட்டி, கைபம்ப்பை அடித்து, குழாயிலிருந்த காற்றை வெளியே எடுத்ததும் இன்ஜின் இருமிக்கொண்டே பிடித்தது. பைக்கை ஒரு டீக்கடையில் நிறுத்திவிட்டு வின்ஸ்டன் லாரியில் ஏறிக்கொண்டான்.

உள்ளே நனைந்த கம்பளியின் வாடையும், எப்போதோ எரிந்து அணைந்த டயரின் வாடையும் கலந்து அடைபட்டுக் கிடந்தன. கருமத்தம்பட்டி தாண்டும்வரை அவன் அதைப் பொருட்படுத்தவில்லை. பிறகு, இன்ஜின் சத்தத்துக்கு அடியில், டீசல் டேங்க் இருக்கும் பக்கத்திலிருந்து, உள்ளங்கையை இரும்பின்மேல் மெதுவாக இழுத்துக்கொண்டே வருவதுபோல இன்னொரு சத்தம் கேட்கத் தொடங்கியது. சைடு கண்ணாடியில் பார்த்தான். சாலை வெள்ளையாகக் கொதித்துக்கொண்டிருந்தது. வெகு தூரத்தில், கானல் நீருக்குள், வரிசையாகச் சிலர் நடந்து வந்தார்கள். எல்லாரும் தலையோடு சேர்த்துப் போர்த்தியிருந்தார்கள்.

"பழனிக்குப் போறவங்களா இருக்கும்," என்றான்.

"பாத்துட்டியா," என்றான் ரசாக். அவன் குரலில் ஒரு நிம்மதி இருந்தது. "எனக்கு மட்டுந்தான் தெரியுதுன்னு நெனச்சேன்."

ரசாக் தானாகவே சொன்னான்.

"மல மேல வண்டி நின்னுபோச்சு மாப்ள. டீசல் இதே மாதிரி ஒறஞ்சுபோச்சு. பனி கதவு வரைக்கும். இதோட முடிஞ்சதுன்னு இருந்தேன். அப்பத்தான் கொஞ்சம் பேரு வந்தாங்க. வேற வண்டி டிரைவருங்கன்னு நெனச்சுக்கிட்டேன். டேங்க்குக்கு அடியில தீ மூட்டிக் குடுத்தாங்க. வண்டி கெளம்புச்சு."

"நல்லதுதானே."

"தீயை ஒட்டித்தான் நின்னாங்க. அப்பவும் நடுக்கம் நிக்கவேயில்ல. அவங்க மேல கெடந்த பனி எளகவேயில்ல மாப்ள." உதட்டை நனைத்துக்கொண்டான். "கெளம்பறப்ப, எங்கூர்ப் பக்கம் வந்தா ஊட்டுக்கு வாங்கன்னு சொல்லிப்போட்டேன். ஒரு பேச்சுக்குத்தான். நம்மூர்ல எல்லாரும் சொல்றதுதானே."

நீலாம்பூரில் வண்டி மறுபடி நின்றது.

வின்ஸ்டன் குதித்து இறங்கினான். அப்போதுதான் மாட்டிய புது ஃபில்டர். உள்ளே அதே வெள்ளை. டேங்க் மூடியைத் திறந்தான். அடித்த குளிரில் கண்ணில் நீர் வந்தது. வெயில் முதுகைப் பொசுக்க, விரல்கள் மட்டும் மரத்துப்போயின. குனிந்து, கிடைத்த பழைய ஃபில்டரைத் துடைத்து மாட்டி, கைபம்ப்பை அடித்துக்கொண்டே இருந்தான். டீசல் வரவில்லை. அவனுக்குப் பின்னால், மண்ணில், வெறுங்கால்கள் நடந்து போகும் சத்தம் கேட்டது. அவசரமில்லாத நடை. அவன் திரும்பிப் பார்க்கவில்லை. திரும்ப முடியவில்லை. கழுத்தில் காற்று பட்டது. குளிர்ந்த காற்று.

கடைசிக் காலடியும் ஓய்ந்தபோது, கைபம்ப்பில் டீசல் குபுக்கென்று வந்தது. தெளிவாக. வெதுவெதுப்பாக.

அவன் ஏறி உட்கார்ந்தான். ரசாக் முன்னால் சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"நம்மளத் தாண்டிப் போயிட்டாங்க," என்றான்.

வின்ஸ்டன் யாஸ்மினுக்குப் போன் போட்டான். மணி அடித்துக்கொண்டே இருந்தது. மறுபடி போட்டான். எடுக்கவில்லை. எதிரே சாலை காலியாக இருந்தது. போத்தனூர்வரை காலியாகவே இருந்தது. வண்டி அதற்குப்பின் எங்கும் நிற்கவில்லை.

தன் வீட்டுச் சந்து முனையில் லாரியை நிறுத்தினான் ரசாக். இறங்கப் பார்த்தான். திறந்த கதவை மறுபடி சாத்திக்கொண்டான். "நீ போ மாப்ள. அஃப்ஷீன் பாப்பாவப் பாரு."

வின்ஸ்டன் ஓடினான்.

வாசலில் செருப்புகள் இல்லை. படியெல்லாம் ஈரம். கதவு திறந்திருந்தது. முன்னறையில் யாரும் இல்லை. சமையலறையில் யாஸ்மின், முக்காட்டை இழுத்துப் போர்த்திக்கொண்டு, அடுப்பின் முன் நின்றிருந்தாள்.

"வாங்கண்ணா. அவரு வரலீங்களா? அவரோட கூட்டாளிங்க வந்திருக்காங்க."

"யாரு உள்ள உட்டது?"

"நான்தானுங்க. அவரு பேர மட்டுந்தான் சொன்னாங்க. இந்த வெயில்ல அப்படி நடுங்கறாங்க, எப்படீங்க வெளிய நிக்க வெக்கறது?" அடுப்பு முழுதாக எரிந்துகொண்டிருந்தது. அவள் பாத்திரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "பாலு காயவே மாட்டேங்குதுங்கண்ணா. எந்நேரமா வெச்சிருக்கேன்."

"அஃப்ஷீன் எங்க?"

"அவங்ககூடத்தான். உள்ள. படம் போட்டுட்டிருக்கா. நல்ல மனுசங்க. சத்தமே இல்ல."

உள்ளறைக்குக் கதவில்லை. திரை மட்டும். அதன் அடியிலிருந்து தண்ணீர் கசிந்து வந்தது. அவன் திரையைப் பிடித்தான். துணி விறைத்திருந்தது. விலக்கினான்.

ஜன்னல்கள் சாத்தியிருந்தன. ஃபேன் ஓடவில்லை. வட்டமாகக் குந்தியிருந்தார்கள். முக்காடு. முதுகுகள். நடுக்கம். யாரும் திரும்பவில்லை.

நடுவில் அஃப்ஷீன். கையில் கலர் பென்சில். பென்சில் நகரவில்லை. உதடுகள் நீலம். கண்கள் மட்டும் உயர்ந்து வின்ஸ்டனைப் பார்த்தன.

எல்லாரும் அவளை நோக்கிக் கை நீட்டியிருந்தார்கள். தொடவில்லை. குளிர்காயத் தீயின் முன் நீட்டுவதுபோல, விரல்களை விரித்து, பொறுமையாக.

பிறகு, ஒருவர் பின் ஒருவராக, கைகளைத் திருப்பி, புறங்கையையும் அவளிடம் காட்டினார்கள்.