மேஸ்திரிக்கு லீவு

வலது தோள் எரிந்தது. இடது தோள் மரத்துப்போயிருந்தது. தெருக்குழாயிலிருந்து தண்ணீர் சுமந்து சுமந்து, தன் கழுத்து உடம்புக்குள் இறங்கிவிட்டதோ என்று அவளுக்குச் சந்தேகம். குடத்தை இறக்கிவைத்துவிட்டுத் தடவிப் பார்த்தாள். நல்லவேளை, கழுத்து இருந்தது.

வீட்டுக்குப் பின்னால் அம்மா உட்கார்ந்து சின்னவளுக்குத் தலைவாரிக்கொண்டிருந்தாள். அதுவும் மெதுவாக, வலிக்காமல். இவளுக்கு வாரும்போது மட்டும் அம்மாவின் சீப்புக்கு எப்போதும் அவசரம்.

“பெரியவளே, இன்னும் ஒரு நடை போயிட்டு வந்துடும்மா” என்றாள் அம்மா.

“ஏன், இவ போகக் கூடாதா? கையும் காலும் நல்லாத்தானே இருக்கு?”

“இப்பதான் வந்திருக்கா. புது இடம். கொஞ்ச நாள் போகட்டும்டி.”

‘பெரியவள்.’ அந்தப் பெயரைக் கேட்டாலே அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. போன வாரம் வரைக்கும் இந்த வீட்டில் அவள் பெயர் ‘குட்டி’. ஒரே பிள்ளை. கட்டட வேலைக்காக வெளியூர் போன சித்தி, தன் மகளை இங்கே கொண்டுவந்து விட்டாள். அன்று சாயங்காலமே பெயர் கைமாறிவிட்டது. வந்தவள் சின்னவள் ஆனாள்; இவள் பெரியவள் ஆனாள். யாரும் இவளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

சின்னவள் வெறுங்கையோடும் வரவில்லை. அக்குளில் ஒரு வெள்ளைக் கோழியை இடுக்கிக்கொண்டு வந்தாள். அதன் பெயர் பஞ்சு.

பெரியவளிடம் ஏற்கெனவே மூன்று பெட்டைக்கோழிகள் இருந்தன. கறுப்பி ஒன்று, மொட்டைக்கழுத்து ஒன்று. மூன்றாவது, செம்பு நிறத்தில் நெஞ்சை நிமிர்த்தி நடக்கும் மேஸ்திரி. பெயர் வைத்தது அப்பா. அப்பா கிடங்கில் மூட்டை தூக்குகிறவர். “எங்க மேஸ்திரியும் இப்படித்தான். வேலை செய்றவனை எல்லாம் விரட்டிக்கிட்டே இருப்பாரு, சாப்பாட்டுக்கு மட்டும் முதல் ஆளா நிப்பாரு” என்பார்.

மேஸ்திரி குஞ்சாக இருந்தபோது பெரியவளின் சட்டைப்பையில்தான் தூங்கியது. அது யாரைக் கொத்தினாலும் அவளைக் கொத்தாது.

குடத்தை எடுத்துக்கொண்டு அவள் கிளம்பியபோது பின்னால் ஒரே கூச்சல். குருணைத் தட்டுப் பக்கம் போன பஞ்சுவின் மேல் மேஸ்திரி ஏறி நின்று கொத்தியது. வெள்ளை இறகு காற்றில் பறந்தது. பஞ்சுவின் கொண்டையில் ரத்தம்.

“அக்கா, உன் கோழியைப் பிடிக்கா!” என்று சின்னவள் அலறினாள்.

பெரியவள் கொஞ்சம் மெதுவாகத்தான் நடந்தாள். ‘நல்லா வேணும்’ என்று உள்ளுக்குள் ஒரு குரல் சொன்னது. அந்தக் குரல் அவளுடையதுதான்.

அம்மா ஓடிவந்து பஞ்சுவைத் தூக்கிப்போய், காயத்துக்கு மஞ்சள் வைத்து, சமையலறையில் கூடைக்குள் விட்டாள். தினமும் இதே கதைதான். காலையில் பஞ்சுவை வெளியே விடுவார்கள். மேஸ்திரி கொத்தும். உடனே பஞ்சு உள்ளே போய்விடும். அங்கே அதற்குத் தனித் தட்டு, தனித் தண்ணீர், சின்னவளின் மடி.

‘வந்தவங்களுக்குத்தான் இந்த வீட்டுல எல்லாம்’ என்று பெரியவள் முணுமுணுத்தாள்.

மறுநாள் காலை அம்மா கோணி ஊசியும் கிழிந்த சாக்குகளுமாக வாசலில் உட்கார்ந்திருந்தாள். கிடங்குச் சாக்குகளைத் தைத்துக் கொடுப்பது அவள் வேலை. “கூடையில முட்டை இருக்கான்னு பாருடி. இருந்தா சின்னவளுக்கு வேகவச்சுக் குடுக்கலாம். அவ கோழி இங்க போடற முதல் முட்டை” என்றாள்.

முட்டை இருந்தது. இன்னும் சூடாக இருந்தது. பெரியவள் அதைக் கையில் எடுத்தாள். ‘முதல் முட்டையாம்!’ சுவரில் தட்டி ஓட்டை போட்டு, அப்படியே உறிஞ்சிக் குடித்துவிட்டாள். முட்டையோட்டை அடுப்புச் சாம்பலுக்குள் தள்ளினாள்.

“ஒண்ணும் இல்லம்மா!”

சின்னவள் கூடைப் பக்கம் வந்து குனிந்து பார்த்தாள். “பஞ்சுக்குப் பயம் போல” என்றாள். “பயந்தா முட்டை வராதுன்னு எங்கம்மா சொல்லும்.”

பெரியவளுக்கு முட்டை வயிற்றுக்குள் போகாமல் நெஞ்சிலேயே நின்றுவிட்ட மாதிரி இருந்தது.

அன்று சாயங்காலம் அப்பா பஞ்சுவின் கொண்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். காயத்தின் மேலேயே புதுக் காயம். “இது சரிப்படாது. கறிக்கடைக்காரர்கிட்ட சொல்லிட்டேன். ஞாயித்துக்கிழமைக்குள்ள மேஸ்திரி அடங்கலைன்னா, அதைக் கொடுத்துட வேண்டியதுதான்.”

“அப்பா! அது என் கோழி!”

“உன் கோழிதான். அதுக்காக அடுத்தவ கோழியைச் சாகடிக்க விட முடியுமா?”

பெரியவள் அழவில்லை. அழுதால் சின்னவள் பார்ப்பாள்.

மறுநாள் பள்ளிக்கூடம் விட்டதும் குச்சியோடு காவல் இருந்தாள். மேஸ்திரி குச்சியைப் பார்த்தால் சாது. அவள் கொட்டாவி விட்டால் ரவுடி. தண்ணீர் தெளித்துப் பார்த்தாள். மேஸ்திரி சிலிர்த்து உதறிவிட்டு மறுபடியும் பாய்ந்தது. கடைசியில் அவள் நடுவில் கையை நீட்டினாள். அந்தக் கொத்து அவள் மணிக்கட்டில் விழுந்தது.

“துரோகி!” என்று பெரியவள் கத்தினாள். “சட்டைப்பையில வச்சு வளர்த்தேன்டி உன்னை!”

சின்னவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பெரியவள் முறைத்ததும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

அன்று சாப்பிடும்போது அப்பாவுக்கும் ஒரே சிரிப்பு. “எங்க மேஸ்திரி காலை ஒடிச்சுக்கிட்டு வீட்டுல கிடந்தாருல்ல, இன்னைக்குத்தான் வந்தாரு. வந்து பார்த்தா, அவரு ஸ்டூல்ல தராசுக்காரர் உக்காந்திருக்காரு. யாரும் எந்திரிக்கல. முன்னாடின்னா கத்துற கத்துல தகரக் கூரையே ஆடும். இன்னைக்கு என்ன கேட்டாரு தெரியுமா? ‘கொஞ்சம் தள்ளி உக்காரலாமாப்பா’ன்னு கேட்டாரு!”

“ஏம்ப்பா கத்தல?” என்றாள் பெரியவள்.

“எப்படிக் கத்துவாரு? அவரு இல்லாதப்ப நாங்களே ஒரு ஒழுங்குக்கு வந்துட்டோம். இப்ப அவருதானே அங்க புது ஆளு.”

பெரியவளின் கை தட்டிலேயே நின்றது.

புது ஆள். பஞ்சு தினமும் உள்ளே போகிறது. தினமும் வெளியே வருகிறது. அப்படியென்றால் அது தினமும் புது ஆள்தானே? எத்தனை நாளானாலும் அது பழைய கோழியாகவே ஆகாது. காப்பாற்றுகிறோம் என்று நினைத்து எல்லோரும் தப்பான கோழியை அடைத்துவைத்திருக்கிறார்கள்!

“அம்மா, பஞ்சுவை இனிமே உள்ள வைக்க வேண்டாம். மேஸ்திரியை அடைப்போம்.”

“கொத்துற கோழிக்குத் தனி வீடு, தனிச் சாப்பாடா?” என்று அப்பா புருவத்தைத் தூக்கினார்.

“தண்டனை இல்லப்பா. லீவு. உங்க மேஸ்திரி மாதிரி.”

அப்பா அம்மாவைப் பார்த்தார். அம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டு, “ஞாயித்துக்கிழமை வரைக்கும் பாக்கலாமே” என்றாள்.

வீட்டின் முன்பக்கத்தில், மற்றக் கோழிகளின் கண்ணில் படாத மூலையில், ஒரு பழைய மரப்பெட்டியைப் பெரியவள் கவிழ்த்தாள். பாதியைச் சாக்கால் மூடினாள். மேஸ்திரியைத் தன் கையாலேயே உள்ளே விட்டாள். அது போட்ட சத்தம் தெருக்கோடி வரை கேட்டது. பெரியவள் காதைப் பொத்திக்கொண்டாள்.

அடுத்த நாள் தீனி வைக்கப் போனால், அங்கே சின்னவள் குந்தியிருந்தாள். பெட்டி இடுக்கு வழியாக ஒவ்வொரு குருணையாக உள்ளே போட்டுக்கொண்டிருந்தாள்.

“உன் கோழியைத்தானே கொத்துச்சு? அதுக்குப் போய் ஊட்டுறே?”

“தனியா இருக்குதேக்கா. எல்லாரும் அந்தப் பக்கம், இது மட்டும் இந்தப் பக்கம். எனக்கும் இங்க வந்த அன்னைக்கு அப்படித்தான் இருந்துச்சு.”

பெரியவளுக்கு எரிச்சலாக வந்தது. இவள் கெட்டவளாக இருந்தாலாவது நிம்மதியாகப் பொறாமைப்படலாம். நல்லவளாக வேறு இருந்து தொலைக்கிறாள்!

“தள்ளி உக்காரு” என்றாள். பிறகு அவளும் பக்கத்தில் குந்தினாள்.

வீட்டுக்குப் பின்னால் பஞ்சு முதலில் சுவரோரமாகவே நின்றது. பிறகு கறுப்பியின் பின்னால் போய்ப் பார்த்தது. கறுப்பி ஒரு கொத்து கொத்தியது. ரத்தம் வரவில்லை, கணக்கு முடிந்தது. சனிக்கிழமை வந்தபோது மூன்றும் ஒரே தட்டில் தின்றன. பஞ்சு மொட்டைக்கழுத்தைக்கூட ஒருமுறை விரட்டிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அப்பா கையில் பையோடு வந்து நின்றார். எந்தப் பை என்று எல்லோருக்கும் தெரியும். பெரியவள் மேஸ்திரியைத் தூக்கிவந்தாள். கீழே விட்டாள்.

மேஸ்திரி நெஞ்சை நிமிர்த்தியது. நேராகத் தட்டுக்குப் போனது.

கறுப்பி தலையைத் தூக்கி ‘டொக்’ என்று ஒன்று வைத்தது. மேஸ்திரி திகைத்து நின்றது. சுற்றிக்கொண்டு பஞ்சுவின் பக்கம் போய்க் கழுத்தை நீட்டியது. பஞ்சு ஓடவில்லை. இறகைச் சிலிர்த்துக்கொண்டு நின்ற இடத்திலேயே நின்றது. இரண்டும் ஒன்றையொன்று வெகுநேரம் முறைத்தன. பிறகு மேஸ்திரி, ஏதோ தரையில் விழுந்ததைத் தேட வந்தது மாதிரி தலையைத் தாழ்த்தி, தட்டின் ஓரத்தில் தின்ன ஆரம்பித்தது.

“கொஞ்சம் தள்ளி உக்காரலாமாப்பா!” என்று அப்பா அதே குரலில் சொல்லிக் காட்டினார். எல்லோரும் சிரித்துவிட்டார்கள். அப்பா பையை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார். “அது சரி, கறிக்கடைக்காரர்கிட்ட நான் என்ன சொல்றது?”

“மேஸ்திரி லீவு முடிஞ்சு வேலைக்கு வந்துட்டார்னு சொல்லுங்க” என்றாள் பெரியவள்.

அன்று தண்ணீர் பிடிக்கப் போனபோது, சின்னவள் கேட்காமலேயே ஒரு சின்னச் செம்பை எடுத்துக்கொண்டு பின்னால் வந்தாள். பாதித் தண்ணீர் வழியெல்லாம் சிந்தியது. பெரியவள் நடையைக் கொஞ்சம் மெதுவாக்கினாள்.

திரும்பி வந்தால், சாக்குக் குவியலின் மேல் பஞ்சு முட்டையிட்டிருந்தது. சின்னவள் அதை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு வந்தாள். “அக்கா, பாதிப் பாதி சாப்பிடலாமா?”

“வேண்டாம். முழுசும் நீயே சாப்பிடு.”

“ஏன்க்கா?”

பெரியவள் காலால் மண்ணைக் கீறினாள், கோழி மாதிரியே. “அன்னைக்கே பஞ்சு ஒரு முட்டை போட்டுச்சு. நான்தான் குடிச்சுட்டேன். அது பயப்படல, ஒண்ணும் இல்ல.”

சின்னவள் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். அழுவாளோ, அம்மாவிடம் ஓடுவாளோ என்று பெரியவள் காத்திருந்தாள். சின்னவள் இரண்டும் செய்யவில்லை. உதட்டைக் கடித்துக்கொண்டு யோசித்தாள்.

“அப்ப இதுவும் என்னோடது, அதுவும் என்னோடது. நீ எனக்கு ஒரு முட்டை தரணும்.”

“தர்றேன். மேஸ்திரி போட்டதும் தர்றேன்.”

இருவரும் மேஸ்திரியைப் பார்த்தார்கள். அது ஒரு மூலையில் உப்பிக்கொண்டு, யாரோடும் பேச்சுவார்த்தை இல்லை என்பதுபோல உட்கார்ந்திருந்தது. முட்டையிடும் யோசனையே அதற்கு இருப்பதாகத் தெரியவில்லை.

“குட்டி, இங்க வா! தலை வாரி விடுறேன்!” என்று உள்ளேயிருந்து அம்மா கூப்பிட்டாள். இருவருமே திரும்பினார்கள். இந்தத் தடவை பெரியவள்தான் முந்திக்கொண்டு ஓடினாள்.

மேஸ்திரி இன்றுவரை முட்டையிடவில்லை. பெரியவள் சின்னவளுக்கு ஒரு முட்டை பாக்கி.