கத்தும் பெல்ட்

சாவியைத் திருப்பி என்ஜினை அணைத்த பிறகும் பெல்ட் ஒருமுறை கீச்சென்று கத்தி அடங்கியது.

ஜெசிந்தா பானட்டைப் பார்த்தாள். பிறகு மெக்கானிக் வேங்கடேசனைப் பார்த்தாள். அவர் வேஸ்ட் துணியில் கை துடைத்துக்கொண்டே தன் காதில் எதுவும் விழவில்லை என்றார். நின்றுபோன என்ஜினில் பெல்ட் எப்படிக் கத்தும் என்று அவளிடமே திருப்பிக் கேட்டார். அதைத்தானே அவளும் கேட்கிறாள்.

"பெல்ட்டு புதுசு, டைனமோ புதுசு. காருதாம்மா பழசு. வூட்ல ஆம்பளைங்க யார்னா இருந்தா வரச்சொல்லு, நான் பேசிக்கிறேன்."

வீட்டு ஆம்பளை பின் சீட்டில் மூக்கில் குழாயோடு உட்கார்ந்திருக்கிறார், போய்ப் பேசிக்கோ என்றாள். வேங்கடேசன் ஸ்பானர்களைப் பொறுக்க ஆரம்பித்தார். மெக்கானிக்கல் படித்தவள் அவள். அவள் குடும்பத்தில் அவளுக்கு முன்னால் யாரும் காலேஜ் வாசலை மிதித்ததில்லை. பெல்ட் ஓடுகிற சக்கரங்களான புல்லிகள் ஒரே நேர்கோட்டில் இருக்கின்றனவா என்று இரும்பு ஸ்கேலை வைத்து அவளே பார்த்தாயிற்று. பேரிங்கைக் கையால் சுற்றிப் பார்த்தாயிற்று. பெல்ட்டின் இறுக்கமும் சரி. எல்லாம் சரி, ஆனால் போடுகிற பெல்ட்டெல்லாம் முதலில் கத்தும், பிறகு கண்ணாடி மாதிரிப் பளபளக்கும், பிறகு அறுந்து தொங்கும். படித்து என்ன கிழித்தாய் என்று கார் அவளைக் கேட்கிற மாதிரி இருக்கும்.

அப்பா சவுரிராயன் கல் கிரஷரில் தூசியைத் தின்றே வயதைக் கழித்தவர். இப்போது ஆக்சிஜன் மெஷின் இல்லாமல் அவரால் சட்டைப் பொத்தானைக்கூடப் போட முடியாது. விழுப்புரத்து ஆஸ்பத்திரிக்குப் போக ஆம்புலன்ஸ் வரும், திரும்பக் கொண்டுவந்து விட வராது. அதற்காகத்தான் இந்தப் பழைய டீசல் காரை வாங்கி, பேட்டரியிலிருந்து இன்வெர்ட்டர் வைத்து, மெஷினைப் பின் சீட்டில் கட்டிவைத்திருந்தாள். பெல்ட் அறுந்தால் பேட்டரிக்கு சார்ஜ் ஏறாது. பேட்டரி இறங்கினால் மெஷின் நிற்கும். மெஷின் நின்றால் அப்பா இல்லை.

மழை விட்டிருந்த சாயங்காலம், ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்தார்கள். விக்கிரவாண்டியைத் தாண்டும்போது கரும்பு லாரிகளின் புளித்த வாசனையும் ஈர வயலின் வாசனையும் கண்ணாடி வழியாக வந்துகொண்டிருந்தன. அவற்றோடு, மெல்ல, கருகிய ரப்பரின் வாசனையும் உள்ளே ஏறியது. அதற்குப் பின்னாலேயே அந்தச் சத்தம், தகரத்தில் ஆணியை இழுத்துக்கொண்டே போகிற மாதிரி, நிற்காமல், பல்லைக் கூசவைத்துக்கொண்டு வந்தது. கண்ணாடியில் அப்பாவைப் பார்த்தாள். அவர் வாயைத் திறந்து, வழக்கம்போல நெஞ்சுக்குள் விசிலடித்தபடி, ஒவ்வொரு மூச்சையும் கிணற்றிலிருந்து இறைப்பதுபோல இறைத்துக்கொண்டிருந்தார்.

பானட்டுக்குள் பளார் என்று ஓர் அடி. சிவப்பு பேட்டரி விளக்கு எரிந்தது.

ஓரம் கட்டினாள். என்ஜினை அணைத்து, போன் வெளிச்சத்தில் உள்ளே குனிந்தபோது புல்லியில் மஞ்சளாக ஏதோ அப்பியிருந்தது. விரலால் தொட்டாள். பிசின். மூக்கருகே கொண்டுபோனதும் கோவில் சாம்பிராணிச் சட்டியின் வாசனை அடித்தது. குங்கிலியப் பொடி.

அப்பாவிடம் கேட்டாள். அவர் மறைக்கவில்லை. தினமும் காலையில் அவள் குளிக்கப் போகும்போது பானட்டைத் திறந்து, குழாய் எட்டுகிற மட்டும் நின்று, கொஞ்சம் தூவிவிடுவாராம்.

"கிரஷர்ல பெல்ட்டு கத்துனா அள்ளிப் போடுவோம் பாப்பா. அப்பறம் கத்தவே கத்தாது."

"அது இந்த அகலத்துக்குப் பட்டை பெல்ட்டுப்பா. இதுல போட்டா பிச்சிக்கினு போவும். இது என்னா கல்லையா ஒடைக்குது? உன் மூச்சை ஓட்டுது. பேசாம வாயை மூடிக்கினு உட்காரு."

அவர் வாயை மூடிக்கொண்டார். மெஷின் பேட்டரி குறைகிறது என்று பீப் அடிக்க ஆரம்பித்தது. அந்தச் சத்தம் முதுகில் குத்தக் குத்த, டீசல் நனைத்த துணியால் புல்லியைத் தேய்த்து, காயத் துடைத்து, டிக்கியிலிருந்த புது பெல்ட்டை மாட்டி, விரல் தோல் உரிய இறுக்கினாள். பைபாஸில் போன லாரிகள் சேற்றை வாரி அடித்தன. ஒருத்தனும் நிறுத்தவில்லை. சாவியைத் திருப்பியபோது ஸ்டார்ட்டர் இழுத்தது, முனகியது, செத்துவிடும்போல இழுத்து, கடைசியில் என்ஜின் பிடித்துக்கொண்டது. சிவப்பு விளக்கு அணைந்தது. பீப் நின்றது.

சத்தமே இல்லை.

இத்தனை நாளும் இதற்காகத்தானே வெந்து செத்தாள்? காரணம் தெரிந்துவிட்டது, சரி செய்துவிட்டாள். சிரிப்புகூட வந்தது. அப்பாவிடம் இனிமேல் பானட்டுப் பக்கமே போகக் கூடாது என்று சொன்னாள். அவர் பதில் சொல்லவில்லை. கோபம் போல. இருக்கட்டும்.

கூட்டேரிப்பட்டு வரும்போது சத்தம் திரும்ப வந்தது.

முதலில் மெல்லியதாக. பிறகு நீளமாக. ஆக்சிலேட்டரை மிதித்தாள். பெல்ட் சத்தம் என்றால் என்ஜின் வேகத்தோடு ஏற வேண்டும். இது ஏறவில்லை. காலை எடுத்தாள். இறங்கவும் இல்லை. கீச்சென்று ஓர் இழுப்பு. ஓர் இடைவெளி. கீச்சென்று ஒரு விடுப்பு. திரும்பவும் இழுப்பு.

பெல்ட் அப்படிக் கத்தாது.

நிறுத்தினாள். என்ஜினை அணைக்கப் பயந்து ஓடவிட்டே இறங்கி பானட்டைத் தூக்கினாள். பெல்ட் இல்லை. அறுந்த துண்டுகூட இல்லை. ஆனால் டைனமோ புல்லி அசைந்தது. மெல்ல முன்னால் சுற்றியது. நின்றது. மெல்லப் பின்னால் சுற்றியது. ஒவ்வொரு அசைவுக்கும் அந்தக் கீச்சு.

சிவப்பு விளக்கு எரியவில்லை. மெஷினில் பச்சை விளக்கு.

"யப்பா."

பின் கதவைத் திறந்தாள். அப்பா நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். அவள் சொன்னபடியே, வாயை மூடிக்கொண்டு. கண் திறந்திருந்தது. நெஞ்சில் கை வைத்தாள். விசில் இல்லை. ஏற்றமில்லை, இறக்கமில்லை. சட்டை சில்லென்றிருந்தது.

மூக்கிலிருந்து குழாயை உருவினாள். காற்று வருகிறதா என்று முனையைத் தன் உதட்டருகே வைத்துப் பார்த்தாள்.

வரவில்லை.

உதட்டைக் கவ்வி இழுத்தது.

பிடுங்கி எறிந்தாள். முன் சீட்டின்மேல் பாய்ந்து விழுந்து சாவியைப் பிடித்தாள். அணைத்துவிட வேண்டும். இந்தச் சனியனை இப்போதே.

திறந்து கிடந்த பானட்டுக்குள் யாரோ இருமினார்கள். கல்தூசி அடைத்த இருமல். அடித்தொண்டையில் கரகரத்து, கடைசியில் விசிலாக முடிகிற இருமல். உலகத்தில் ஒரே ஒரு ஆளுக்குத்தான் அப்படி.

"அணைச்சிடாத பாப்பா."

பின் சீட்டில் வாய் மூடியே இருந்தது.

விரல் சாவியிலேயே நின்றது. என்ஜின் ஓடியது. பானட்டுக்குள் இழுப்பு, இடைவெளி, விடுப்பு. இழுப்பு, இடைவெளி, விடுப்பு.

டேஷ்போர்டில், டீசல் தீரப்போகிறது என்று விளக்கு எரிந்தது.